சராசரியா, இடைநிலையா: கோலாலம்பூர் குடும்ப வருமானத்துக்கு எது சரியான அளவு?

2022-இல் கோலாலம்பூர் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 13,325 வெள்ளி (ரிங்கிட்) என்றது மலேசியப் புள்ளிவிவரத் துறை. நகரின் செந்தூல் பகுதியில் இதைப் படிக்கும் பலருக்கு, நாம் மட்டும் பின்தங்கிவிட்டோமோ என்று மனசு கனக்கும். அதே ஆண்டின் இடைநிலை வருமானத்தையும் பாருங்கள்: 10,234 வெள்ளி. நகரத்துக் குடும்பங்களில் பாதி அதற்கும் கீழேதான்.

ஏன் இந்த இடைவெளி? அடுக்குமாடி ஒன்றில் ஒரே மாடியில் ஏழு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 3,200, 3,800, 4,500, 5,000, 5,600, 6,400, 7,000 வெள்ளி. மொத்தத்தை ஏழால் வகுத்தால் சராசரி ஏறக்குறைய 5,070. வரிசையில் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம், அதாவது இடைநிலை, 5,000. இப்போது 7,000 வெள்ளிக்காரர் காலி செய்து, 40,000 சம்பாதிக்கும் முதலாளி குடிவருகிறார். சராசரி 9,700-ஐத் தாண்டிவிடும். மற்ற ஆறு வீட்டிலும் ஒரு காசு கூடவில்லை. இடைநிலை அதே 5,000.

நிஜத்திலும் இது நடந்தது. 2019-இல் கோலாலம்பூரின் சராசரி 13,257, இடைநிலை 10,549. 2022-இல் சராசரி கொஞ்சம் ஏறியது, இடைநிலையோ இறங்கியது. சராசரியை மட்டும் பார்த்தவர்கள் நிலைமை தேறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நடுத்தரக் குடும்பம் பட்ட சிரமம் அவர்கள் கண்ணில் பட்டிருக்காது.

அதற்காகச் சராசரி வீண் என்று தள்ள முடியாது. குடும்ப எண்ணிக்கையால் பெருக்கினால் நகரத்தின் மொத்த வருமானம் கிடைக்கும். இடைநிலையில் அது முடியாது. இடைநிலைக்கு இன்னொரு குறையும் உண்டு, எனக்கு அதுதான் உறுத்துகிறது. அந்த மாடியில் 3,200 வெள்ளிக் குடும்பம் 1,500-க்கு விழுந்தாலும் இடைநிலை அசையாது. ஏழைகளின் நிலையை அறிய வறுமை விகிதத்தைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆனாலும் நம் குடும்பம் எங்கே நிற்கிறது என்று பார்க்க இடைநிலைதான் ஏற்றது. அப்புறம், ஒருவர் சம்பளத்தை 10,234-உடன் ஒப்பிடாதீர்கள். அது குடும்பக் கணக்கு. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்தை எடுத்து, வீட்டில் சம்பாதிக்கும் எல்லாருடையதையும் கூட்டி, வாடகை வருமானம் இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.