பத்து மில்லி ஜூஸும் ஒரு துண்டுப் பஞ்சும்: டிரிப்பரோடு என் அனுபவம்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, சிகரெட்டை விட்டுட்டு வேப்புக்கு வந்தாச்சு. ஆனா எந்த ஃப்ளேவர் எனக்குப் பிடிக்கும்னே தெரியல. ஒவ்வொரு பாட்டிலா வாங்கிப் பார்த்தா மாசக் கடைசியில கையில ஒண்ணும் மிஞ்சாது போலிருக்கே?" வேப் என்பது ஃப்ளேவர் சேர்த்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின் சிகரெட், அந்தத் திரவம்தான் ஜூஸ். போனில் இதற்கு முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. டர்பனில் நம் ஆட்கள் நிறையப் பேர் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் டிரிப்பர் என்ற, சொட்டு விட்டு இழுக்கும் வேப் கருவியோடு என் அனுபவத்தையும் சேர்த்து எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. இது ஏற்கெனவே புகைப்பவர்களுக்கு. சிகரெட்டைத் தொடாதவர்களும் பதினெட்டு வயது ஆகாதவர்களும் இந்தப் பக்கமே வர வேண்டாம். மாம்பழ வாசனை வந்தாலும் உள்ளே இருப்பது நிகோடின்தான், பிடித்தால் லேசில் விடாது.

செலவு எங்கே போகிறது என்று பார்ப்போம். 2023 ஜூன் 1 முதல் தென்னாப்பிரிக்காவில் வேப் ஜூஸுக்கு மில்லிக்கு 2.90 ராண்டு கலால் வரி. அடுத்த வருடமே அது 3.04 ஆனது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வரி. ஆரம்பத்தில் வைத்த 2.90 கணக்கிலேயே பார்த்தாலும் 30 மில்லி பாட்டிலில் 87 ராண்டு வரி, அதன் தலையில் 15 சதவீத வாட் ஏறினால் நூறு ராண்டு. 120 மில்லி பாட்டிலில் கலால் மட்டுமே 348. முன்பெல்லாம் பெரிய பாட்டில் வாங்கினால் லாபம் என்பார்கள். வரி மில்லிக்கு மில்லி விழுகிற காலத்தில் அந்தப் பேச்சு பாதிதான் செல்லும். ருசி தெரியாமல் 120 மில்லியை வாங்கி, பிடிக்காமல் அலமாரியில் வைத்தால், உறிஞ்சாத ஜூஸுக்கும் சேர்த்து அரசாங்கத்துக்குக் கட்டியிருக்கிறோம். ருசி தேடுகிறவருக்கு 10 மில்லி பாட்டில், இல்லையென்றால் 30. அதற்கு மேல் கை வைக்க வேண்டாம்.

சரி, ஜூஸ் செலவு இது. ஆனால் என் கோபம் ஜூஸ் மேல் இல்லை, காயில் மேல்தான், அதாவது ஜூஸைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள்.

நான் சிகரெட்டை விட்டது 2020 ஊரடங்குக்கு அப்புறம். மார்ச் 27-இல் ஆரம்பித்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இந்த நாட்டில் சிகரெட்டும் விற்கக் கூடாது, வேப்பும் விற்கக் கூடாது என்றிருந்த நாட்கள் ஞாபகம் இருக்கும். டீரூம் பின்வாசலில் ஒரு லூஸ் சிகரெட்டுக்குக் கேட்ட விலையை இன்னும் மறக்கவில்லை. கடைகள் திறந்ததும் ஒரு பாட் கருவி வாங்கினேன், ஜூஸ் ஊற்றிய குட்டிக் கார்ட்ரிட்ஜைச் செருகி இழுக்கும் சின்ன வேப். கைக்கு அடக்கம், ஒழுகாது, சார்ஜ் நிற்கும். கருவி மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஃப்ளேவர் மாற்றிப் பாருங்கள், அப்போது தெரியும். காயிலுக்குள் இருக்கும் பஞ்சு முதலில் குடித்த வாசனையை விடவே விடாது. புதினா ஊற்றிய கார்ட்ரிட்ஜில் அப்புறம் மாம்பழம் ஊற்றினால் புதினா மாம்பழம். காபிக்குப் பின் ஸ்ட்ராபெர்ரி ஊற்றினால் இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று. எல்லாவற்றையும் விட மோசம் சோம்பு. ஹப்ளி (ஹூக்கா) பழக்கத்தில் இங்கே பலருக்கும் டபுள் ஆப்பிள் பிடிக்கும். அதில் தூக்கலாக இருப்பது சோம்புதான். டபுள் ஆப்பிள் ஜூஸ் ஓடிய ஒரு கார்ட்ரிட்ஜை வெந்நீரில் கழுவி, ராத்திரி முழுக்கக் கவிழ்த்துக் காயவைத்து, புதுக் காயில் போட்டேன். அடுத்து ஊற்றிய வனிலாவில் சோம்பு வந்து நின்றது. மூக்கில் வைத்துப் பார்த்தால் அடியில் இருக்கும் சிலிகான் வளையத்தில் வாசனை அப்படியே இருக்கிறது. காயிலை மாற்றியும் பயனில்லை என்றால் ஒரு மனிதன் வேறு என்ன செய்வான்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஃப்ளேவர் சும்மா ருசி பார்க்க, கார்ட்ரிட்ஜ் நிரம்ப 2 மில்லி ஜூஸ், ஒரு புதுக் காயில், பஞ்சு ஊற ஐந்து பத்து நிமிடம் காத்திருப்பு. பிடிக்கவில்லை என்றால் அத்தனையும் வீண். இனிப்புக்குச் சுக்ரலோஸ் சேர்த்த ஜூஸாக இருந்தால் காயில் சீக்கிரமே கறுத்துக் கருகல் அடிக்கும். ஜூஸ் பாட்டிலின் லேபிளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. புதிதாக வருகிறவர் ஜூஸ்தான் சரியில்லை என்று நினைத்துவிடுவார். நல்ல ஜூஸ் எத்தனையோ இப்படிக் கெட்ட பெயர் வாங்கியிருக்கும்.

இந்த எரிச்சலில்தான் டிரிப்பருக்கு வந்தேன். கடை ஒன்றில் பழைய ஸ்டாக்கை விலை குறைத்துப் போட்டிருந்தார்கள். ஜூஸ் தொட்டியுள்ள டேங்க், பாட் எல்லாம் வந்தபின் இதை யார் வாங்குகிறார்கள் என்ற நிலை. சின்ன மூடி போல இருக்கும், 24 மில்லிமீட்டர் அகலம், உள்ளே இரண்டு தூண், நடுவில் கம்பிச் சுருள். தொட்டி கிடையாது. மூடியைத் திறந்து பஞ்சின் மேல் ஏழெட்டுச் சொட்டு விட்டு, மூடி, இழுக்க வேண்டியதுதான்.

அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பாட் கருவியில் வெறும் இனிப்பாக வந்துகொண்டிருந்த ஒரு கஸ்டர்ட் ஜூஸை இதில் விட்டுப் பார்த்தேன். முதலில் முட்டை வாசனை, அப்புறம் வனிலா, மூச்சை விடும்போது லேசாகக் கருகிய சர்க்கரை. எல்லாம் தனித்தனியாக வந்தது. அதே பாட்டில்தான், அதே ஜூஸ்தான். ஆவி பிறக்கும் இடத்துக்கும் நாக்குக்கும் நடுவே இரண்டு விரல் தூரம்கூட இல்லை, காற்று சுருளைச் சுற்றி வருகிறது, அதனால்தான் இந்தத் தெளிவு. இத்தனை வருடம் ஆகியும் ஒரு புது ஜூஸின் முதல் இழுப்பை நான் இதில்தான் இழுக்கிறேன்.

செலவு? சுமார் இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் எட்டுச் சொட்டு 0.4 மில்லி. 2.90 கணக்கில் ஒரு ருசி பார்ப்புக்கு வரி ஒரு ராண்டுக்குச் சற்று மேல். 10 மில்லி பாட்டிலை நாலு நண்பர்கள் பகிர்ந்தாலும் மிச்சம் இருக்கும். ருசி முடிந்ததா, பழைய பஞ்சை இடுக்கியால் உருவி எறி, வெறும் சுருளை நீரில் அலசு, துடை, ஒரு நொடி ஒரு நொடியாகச் சூடாக்கி மிச்சத்தை எரி, புதுப் பஞ்சைக் கோர். சுருள் காந்தல் (Kanthal) கம்பியாகவோ நைக்ரோமாகவோ இருந்தால் இப்படி எரிக்கலாம். தனி நிக்கலும் டைட்டானியமும் என்றால் கூடாது. ஒரு பஞ்சு பாக்கெட் மாதக்கணக்கில் வருகிறது. சோம்பு, காபி, புதினா எதுவும் அடுத்த ஜூஸுக்குத் தாவுவதில்லை.

பஞ்சு கோர்ப்பதில் கொஞ்சம் கை பழக வேண்டும். சுருளுக்குள் இழுக்கும்போது சுருளே அசைந்தால் பஞ்சு அதிகம், ஜூஸ் ஏறாது. உரசாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் குறைவு, நெஞ்சில் கருகல் அடிக்கும். லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். இரண்டு முனையையும் தட்டில் படுகிற அளவுக்கு வெட்டி, நுனியைச் சீவிவிட்டு உள்ளே மடித்து வைத்தால் போதும். காற்றுத் துளையை மட்டும் அடைக்கக் கூடாது.

பேட்டரி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சுருளின் ஓம் அளவைத் தானே பார்த்து, ஷார்ட் ஆனால் நிறுத்திவிடுகிற மாட் (டிரிப்பரைத் திருகி வைக்கும் பேட்டரிக் கருவி) மட்டும்தான் வேண்டும். 0.5 ஓம் சுருளில் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் நேராகப் பாய்ந்தால் 8.4 ஆம்பியர். சர்க்யூட் இல்லாத மெக்கானிகல் மாட் பக்கம் புது ஆள் போகவே கூடாது. அதில் போடும் 18650 என்ற உருளைப் பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் பாக்கெட்டில் போடாதீர்கள், அதற்கென்று பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது.

இன்னும் மலிவாக வேண்டும் என்பவர்கள் ஜூஸைத் தாங்களே கலக்கிக்கொள்கிறார்கள். நானும் கலக்குகிறேன். கபெல்லா, ஃப்ளேவர் ஆர்ட் போன்ற கம்பெனிகளின் கான்சென்ட்ரேட், அதாவது செறிந்த ஃப்ளேவர், சின்னக் குப்பிகளில் வருகிறது. ருசி பார்க்க 10 மில்லி கலந்தால் போதும்: 5 சதவீதம் என்றால் ஃப்ளேவர் அரை மில்லி, விஜி (தாவரக் கிளிசரின்) 7 மில்லி, மீதி இரண்டரை பிஜி (புரொப்பிலீன் கிளைக்கால்). நிகோடின் இல்லாமலே கலக்குங்கள். ருசிக்கு நிகோடின் தேவையில்லை, செறிந்த நிகோடின் குப்பி குழந்தைகள் இருக்கும் வீட்டில் இருக்கவே வேண்டாம். பழ வகைகள் அன்றைக்கே ருசி காட்டும். கஸ்டர்ட், புகையிலை வகைகளுக்குச் சில வாரம் வேண்டும். கலந்த உடனே இழுத்துவிட்டு "நல்லா இல்ல" என்று கொட்டிவிடாதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்தியே சொல்கிறேன். சமையலறை அலமாரியில் இருக்கும் ஏலக்காய் எண்ணெய், ரோஸ் எசென்ஸ், பாதாம் எசென்ஸ் எதையும் ஜூஸில் விடக் கூடாது. தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் சோஜி (ரவை இனிப்பு) வாசனை வேண்டுமென்று ஏலக்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்தான், தடுத்து நிறுத்தினேன். வயிற்றுக்குப் போகிற எண்ணெய் வேறு, நுரையீரலுக்குப் போகிற எண்ணெய் வேறு. எண்ணெயை இழுத்தால் நுரையீரலில் அழற்சி வரும். 2019-இல் அமெரிக்காவில் ஆட்களை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்த நுரையீரல் பாதிப்பில், கஞ்சாச் சாறு வேப்பில் கலந்திருந்த விட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள்தான் பெரும் காரணமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. வெண்ணெய் வாசனைக்குச் சேர்க்கும் டயசிட்டைலும் மூச்சுக்கு நல்லதல்ல. 2015-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சோதித்த 51 ஃப்ளேவர் வகைகளில் 39-இல் அது இருந்தது. கஸ்டர்ட் பிடித்த எனக்கு இது சந்தோஷமான செய்தி இல்லை. இப்போது டயசிட்டைல் இல்லை என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் மட்டுமே வாங்குகிறேன்.

கடைகளில் டெஸ்டர் வைத்திருக்கிறார்கள், காசில்லை, போய்ப் பாருங்கள். வாயில் வைக்கும் முனையைப் புதிதாக மாற்றித் தரச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். ஆனால் கடை டெஸ்டர் ஐம்பது அறுபது வாட்டில் ஓடும் பெரிய டேங்க் என்றால், அதில் கிடைக்கும் ருசி உங்கள் சின்ன பாட் கருவியில் கிடைக்காது. எந்தக் கருவியில் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இதே குறைதான் என் டிரிப்பருக்கும் இருக்கிறது. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் இதை மறைக்க முடியாது. சிகரெட்டை விட்டுப் புதிதாக வருகிறவர் பெரும்பாலும் நிக் சால்ட் (நிகோடின் உப்பு) ஜூஸ்தான் இழுப்பார், மில்லிக்கு இருபது மில்லிகிராம் நிகோடினோ அதற்கு மேலோ. அதை டிரிப்பரில் நாற்பது வாட்டில் விட்டால் தலை சுற்றி வாந்தி வரும். டிரிப்பருக்கு 3 மில்லிகிராம், அல்லது நிகோடினே இல்லாதது. அப்போது ருசி பார்க்க ஒரு பாட்டில், இழுக்க இன்னொரு பாட்டில் என்றாகிறது. வண்டி ஓட்டும்போது சொட்டு விட முடியாது. மூடி சாய்ந்தால் சட்டைப் பை நனையும். நாக்கும் ஒரு காரணம். சிகரெட்டை விட்ட சில வாரங்களில் ருசியும் மணமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். முதல் வாரத்தில் சப்பென்று இருந்தது அடுத்த மாதம் திகட்டும். அந்த நேரத்தில் பத்து ஃப்ளேவரைத் தேடி அலைவதில் பலனில்லை.

அதனால் இவ்வளவு புகழ்ந்தும் புது ஆளுக்கு என் தீர்ப்பு: டிரிப்பர் வாங்காதீர்கள். நான் திட்டித் தீர்த்த அதே பாட் கருவியை வைத்துக்கொண்டு கூடுதலாக ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்குங்கள். ஒன்று புதினா, ஐஸ், சோம்பு வகைக்கு மட்டும். மற்றதில் முதலில் பழம், அப்புறம் இனிப்புப் பலகாரம், அப்புறம் புகையிலை, கடைசியில் காபி. மெல்லிய வாசனையிலிருந்து கனமானதற்குப் போனால் ஒரே காயிலில் மூன்று நான்கு ஃப்ளேவர் பார்த்துவிடலாம், தாவும் வாசனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. திரும்பப் பழத்துக்கு வரும்போது காயிலை மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் சிகரெட் இல்லாமல் ஓடி, அதற்கப்புறமும் ருசி தேடும் ஆசை இருந்தால், என் வீட்டுக்கு வாருங்கள், டிரிப்பரில் பஞ்சு கோர்க்கக் கற்றுத் தருகிறேன். என்னுடையதை மட்டும் யாருக்கும் தர மாட்டேன், இரண்டு பேர் விலைகூடக் கேட்டாகிவிட்டது.

டிசம்பர் விடுமுறையில் கோயில் குளம் என்று தமிழ்நாடு போகிறவர்களுக்கு இன்னொன்று. இந்தியாவில் 2019-லிருந்து மின் சிகரெட்டை இறக்குமதி செய்வதும் விற்பதும் சட்டப்படி குற்றம். கருவி, ஜூஸ் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் கேட்டால் கிடைக்கும், திரும்பி வரும்வரை அதை வைத்து ஓட்டிவிடலாம்.