வயலினின் அலைவரி: மரத்தில் வளர்ந்ததா, தூரிகையால் தீட்டியதா?

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில், திருகோணமலை உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில், காலை வெயில் சாய்ந்து விழும் வேளையில் இரண்டு வயலின்களை அருகருகே ஏந்திப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்று என் அம்மப்பா வாசித்தது. அவருக்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதன் உள்ளே ஒட்டியிருந்த பழுப்பேறிய தாளில், வயலின் செய்வதில் உலகப் புகழ்பெற்ற இத்தாலியரான ஸ்ட்ராடிவாரியின் பெயர் இலத்தீனிலும், அதன் கீழ்ச் சிறிய எழுத்தில் செக்கோஸ்லோவாக்கியாவில் செய்யப்பட்டது என்ற குறிப்பு ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருந்தன. மற்றது, என் மருமகளின் சங்கீதப் பரீட்சைக்கென்று கொழும்பில் வாங்கிய, சீனாவில் செய்யப்பட்ட புது வயலின். இரண்டின் பின்பலகையிலும் புலியின் உடலில் ஓடுவது போன்ற குறுக்கு வரிகள் இருந்தன. பழையதன் வரி மரத்துக்கே உரியது, புதியதன் வரி பூசப்பட்டது என்று வீட்டில் எல்லோரும் பார்த்த மாத்திரத்திலேயே தீர்மானித்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உண்மை அதற்கு நேர்மாறாக இருந்தது.

இந்த வரியை இங்கே அலைவரி என்றே குறிப்பிடுகிறேன், ஏனெனில் அது உண்மையில் அலையால் உண்டாவது. வயலினின் மேற்பலகை ஸ்புரூஸ் மரத்தாலும், பின்பலகையும் பக்கப்பட்டைகளும் கழுத்தும் தலைச்சுருளும் பெரும்பாலும் மேப்பிள் மரத்தாலும் செய்யப்படுகின்றன. சில மேப்பிள் மரங்களில் நார்கள் நேராக வளராமல், வேரிலிருந்து உச்சி நோக்கிச் சிற்றலைகளாக நெளிந்து வளர்கின்றன. அந்த மரத்தை அறுத்து இழைத்துச் சமப்படுத்தும்போது, அலையின் ஒரு சரிவில் நார்கள் பலகைக்கு உள்ளே இறங்குகின்றன, மறு சரிவில் மேலேறி வருகின்றன. நாரின் நீளப்பாங்கு கண்ணுக்குத் தெரியும் இடம் ஒளியைத் திருப்பி அனுப்பிப் பளிச்சிடுகிறது; நாரின் வெட்டுமுனை கண்ணை நோக்கும் இடம் ஒளியை விழுங்கி இருண்டு தெரிகிறது. ஆகவே இருண்ட வரி என்று நாம் காண்பது நிறமே அன்று, நார் கிடக்கும் கோணம். பலகையைச் சற்றே சாய்த்தால் இருண்டிருந்த பட்டை ஒளிர்கிறது, ஒளிர்ந்த பட்டை இருள்கிறது. வைடூரியக் கல்லைத் திருப்பும்போது அதன் நடுவே ஓடும் ஒளிக்கீற்று இடம்பெயர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. அங்கும் உள்ளே வரிசையாகக் கிடக்கும் நுண்ணிய இழைகளில் ஒளி படுவதுதான் காரணம்.

மேப்பிள் நம் காட்டு மரமன்று என்பதால் இங்குள்ள தச்சர்களுக்கு இது பிடிபடாது என்று எண்ணியிருந்தேன். எங்கள் தெருவில் தளபாடம் செய்யும் முதியவர் ஒருவர் இரண்டு வயலின்களையும் கையில் வாங்கியதும் செய்த முதற்காரியம், அவற்றை வெயிலுக்கு எதிரே பிடித்து மெதுவாகச் சாய்த்ததுதான். "தம்பி, முதிரைப் பலகையிலயும் இப்பிடிப் பூவிழும். ஆட்டிப் பாத்தால் அது ஓட வேணும். ஓடாட்டில் அது பூவில்லை, மை" என்றார். இந்த ஒப்பீட்டில் நான் முதலிடம் கொடுக்கும் சோதனை அதுவே. நம் வறண்ட வலயக் காடுகளின் முதிரையில் ஆயுள் முழுவதும் உளி பிடித்தவருக்கு ஐரோப்பிய மேப்பிளைப் பற்றி எவரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சாய்த்துப் பார்த்தபோது இரண்டும் தம் வேறுபாட்டை வெளிப்படையாகக் காட்டின. புது வயலினில், ஒளி இடமிருந்து வலமாக நகர, வரிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டன. ஒரு கோணத்தில் ஆழமாகத் தெரிந்த பட்டை மறு கோணத்தில் பொன்னிறமாயிற்று. அதன் பின்பலகை இரண்டு துண்டுகளை நடுவில் ஒட்டியது. ஒரே மரத்துண்டைப் பிளந்து புத்தகத்தைப் போல விரித்து ஒட்டும்போது, ஒரு பாதியில் மேலேறும் நார் மறு பாதியில் கீழிறங்குவதாக அமையும். அதனால் நடுக்கோட்டின் ஒரு புறத்து ஒளிப்பட்டைக்கு எதிரே மறுபுறத்தில் நிழற்பட்டை வந்து நிற்கும். புது வயலினில் அது அவ்வாறே நின்றது. பழைய வயலினிலோ, எந்தக் கோணத்தில் பிடித்தாலும் இருண்டது இருண்டதாகவே இருந்தது. நடுக்கோட்டில் இருள் இருளோடும் ஒளி ஒளியோடும் தப்பாமல் சந்தித்தன. தூரிகை பிடித்தவர் அழகுக்காக அப்படிப் பொருத்தியிருக்கிறார். உண்மையான மரம் அவ்வளவு ஒழுங்காகப் பொருந்தாது.

அம்மப்பாவின் வயலினைச் செய்தவர்களை இதற்காக நான் குறைகூறவில்லை. ஜெர்மனியின் சாக்சனியிலுள்ள மார்க்நொய்கிர்ஷென் நகரிலும், அதை அடுத்து இன்று செக் நாட்டில் லூபி என்று வழங்கும் ஷோன்பாக்கிலும், 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வயலின் செய்வது குடிசைத் தொழிலாக இருந்தது. ஒரு வீட்டில் தலைச்சுருளும் இன்னொரு வீட்டில் பின்பலகையும் செதுக்கப்பட்டு, வணிகரிடம் சேர்ந்து, முழு வயலினாகி உலகெங்கும் ஏற்றுமதியாயின. அலைவரி கொண்ட மேப்பிள் விலை கூடியது. எனவே மலிவான வகைகளுக்கு வரியற்ற மரத்தைப் பயன்படுத்தி, வார்னிஷின் கீழோ வார்னிஷோடு சேர்த்தோ கோடுகளைத் தீட்டினார்கள். சிலவற்றில் விளிம்பைச் சுற்றி ஓடும் கறுப்பு வெள்ளை இழைகூடப் பதிக்கப்படாமல் வரையப்பட்டிருக்கும். உள்ளே ஒட்டிய ஸ்ட்ராடிவாரி தாளும் அத்தகையதே. அது இன்னாருடைய மாதிரியைப் பின்பற்றியது என்பதைச் சொல்வதேயன்றி, செய்தவரின் பெயரைச் சொல்வதன்று. பெட்டியைத் திறந்து அந்தத் தாளைக் கண்டு நெஞ்சு படபடத்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது சோதனை, உள்ளே பார்ப்பது. எஃப் வடிவத் துளை வழியே கைத்தொலைபேசியின் விளக்கைச் சாய்வாகச் செலுத்தி, மறு துளை வழியே பின்பலகையின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். பின்பலகையின் தடிப்பு நடுவில் ஏறத்தாழ 4.5 மில்லிமீற்றரும் ஓரங்களில் 2.5 மில்லிமீற்றரும்தான். நார் அலையாக வளர்ந்திருந்தால் அந்த அலை தடிப்பு முழுவதையும் ஊடுருவி உட்புறத்திலும் தெரியும். உட்புறத்துக்கு வார்னிஷ் இல்லாததால் அது மங்கலாகவே தெரியும் என்பதையும், நேராக விழும் ஒளியில் தெரியாமலே போகலாம் என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். உள்ளே தெரியவில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டியவர்கள் ஏமாந்ததும் உண்டு. பழைய வயலினின் உட்புறம், படிந்திருந்த தூசியை மென்மையாக அகற்றிய பின்னரும் வெறுமையாகவே இருந்தது. புதியதில் வெளியே தெரிந்த வரிகளின் சாயல் உள்ளேயும் ஓடியது. இங்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மிக மலிவான சில வயலின்களில் ஒட்டுப்பலகையின்மேல் அலைவரி கொண்ட மெல்லிய மேப்பிள் ஏடு ஒட்டப்பட்டிருக்கும். அங்கே வெளியே ஓடும் வரி உண்மையானது, ஆனால் உள்ளே இருப்பது வேறு மரம். சாய்த்துப் பார்க்கும் சோதனையில் தேறி, உட்புறச் சோதனையில் தவறும் வயலின் கையில் வந்தால், பின்பலகையின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் நோக்கி அடுக்குகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

தேய்மானம் சொல்லும் சாட்சியமே எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனெனில் அது நம் வாசிப்பு முறையோடு சேர்ந்தது. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) காலத்தில் கர்நாடக இசைக்குள் வந்த இந்தக் கருவியை, நாம் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, உடற்பகுதியை மார்பிலும் தோளிலும் சாய்த்து, தலைச்சுருளை வலது பாதத்தின்மேல் ஊன்றி வாசிக்கிறோம். மேற்கத்தைய முறையில் நின்று வாசிப்பவரின் வயலினில் மோவாய் படும் இடமும் தோள் படும் இடமும் தேய, நம் வயலின்களில் தலைச்சுருளின் பக்கங்களும் தேய்கின்றன. அம்மப்பாவின் வயலினில் சுருளின் பக்கத்தில் வார்னிஷ் முற்றாகப் போய் வெண்மரம் தெரிந்தது. வார்னிஷோடு கோடுகளும் போயிருந்தன. தேய்ந்த இடத்தின் ஓரத்தில் இருண்ட கோடுகள் கத்தியால் நறுக்கியதுபோல் நின்றன. மரத்துக்கே உரிய வரியாக இருந்திருந்தால், பூச்சு போன பிறகும் வெண்மரத்தில் அது மெல்லியதாகத் தொடர்ந்திருக்கும். விரல்கள் ஓடும் கழுத்தின் பின்புறத்துக்குப் பொதுவாகக் கனமான வார்னிஷ் பூசுவதில்லை என்பதால், அங்கேயும் இதே கேள்வியைக் கேட்கலாம். ஆனால் கழுத்துப் பின்னாளில் மாற்றப்பட்டதாக இருக்கவும் கூடும், எனவே அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வரிகளின் ஒழுங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயற்கை வரி ஓரிடத்தில் அகன்று, ஓரிடத்தில் ஒடுங்கி, சில இடங்களில் கரைந்தே போகும். அறுத்த பக்கம் வளர்ச்சி வளையங்களோடு கொள்ளும் கோணம் மாறுவதால், வளைவான பரப்பில் அதன் வலிமையும் மாறும். தீட்டிய வரி பின்பலகையிலும் பக்கப்பட்டையிலும் சுருளிலும் ஒரே அழுத்தத்தோடு இருக்கும், மூலைகளுக்கு அருகில் தூரிகை எட்டாமல் நின்றுவிடும். இது துணைச் சான்று மட்டுமே. திறமையான கை ஒழுங்கின்மையையும் நடித்துக் காட்டும்.

உண்மையில் சிக்கல் தருவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாம் வகையே. இயற்கையாக மெல்லிய அலைவரி உள்ள மரத்தில், வார்னிஷுக்கு முன் சாயம் ஏற்றினால், வெட்டுமுனை வெளித்தெரியும் பட்டைகள் சாயத்தைக் கூடுதலாக உறிஞ்சி ஆழமாகத் தெரியும். அத்தகைய வயலினைச் சாய்க்கும்போது, அசையாத மங்கிய நிழலும் அதன்மேல் ஓடும் ஒளியும் ஒருங்கே காணப்படும். என் மருமகளின் வயலின் இந்த வகையைச் சேர்ந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. இதை ஏமாற்று என்று நான் கருதவில்லை. இருப்பதை எடுத்துக்காட்டுவதற்கும் இல்லாததை வரைவதற்கும் இடையே தெளிவான வேறுபாடு இருக்கிறது. விற்பவர் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே என் எதிர்பார்ப்பு.

திருகோணமலையில் நல்ல வயலின்களைக் கடையில் வரிசையாக வைத்துப் பார்த்து வாங்குவது எளிதன்று. பலர் படத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அசையாத படத்தில் இரண்டு வகை வரியும் ஒன்றுபோலவே இருக்கும், ஏனெனில் வேறுபாடு முழுவதும் அசைவில் இருக்கிறது. ஒரே விளக்கின் கீழ் வயலினை மெதுவாகச் சாய்த்து எடுத்த காணொளியை அனுப்பும்படி கேளுங்கள். கையில் கிடைத்த பிறகும், வார்னிஷைச் சாராயத்தாலோ நகப்பூச்சு அகற்றும் திரவத்தாலோ துடைத்துப் பார்க்க ஒருபோதும் முயல வேண்டாம். பழைய வயலின்கள் பலவற்றின் வார்னிஷ் சாராயத்தில் கரையக்கூடியது; சோதனை முடியும்போது சோதிக்க எதுவும் மிஞ்சாது.

இனி ஒலியைப் பற்றி. அலைவரி விலையைக் கூட்டுகிறது, ஒலியைக் கூட்டுவதில்லை. கிரெமோனாவின் ஸ்ட்ராடிவாரியே வரி குறைந்த உள்ளூர் மேப்பிளையும் பயன்படுத்தியிருக்கிறார். வயலின் குடும்பத்தின் பெரிய கருவியான செலோக்களில், அந்நகரத்தில் செய்யப்பட்ட சிலவற்றின் பின்பலகை மேப்பிளே அன்று, வரியற்ற பொப்லார் மரமும் வில்லோ மரமும். எங்கள் விறாந்தையில் இரண்டுக்கும் ஒரே வகைத் தந்திகளைப் பூட்டி, என் மருமகள் கல்யாணி ராகத்தில் ஒரே வர்ணத்தை இரண்டிலும் வாசித்தாள். கீழ் ஸ்தாயியில் பழையது நிறைந்து ஒலித்தது. புதியதன் மந்தரத் தந்தி சற்று அடைத்துக் கேட்டது. "மாமா, எனக்கு அம்மப்பாடதுதான் வேணும்" என்றாள். என் காதும் அவள் பக்கமே நின்றது. மாரிக்காலக் கடற்காற்றின் ஈரத்தில் அதன் கீழோரத்தில் பசை விட்டிருந்த இடத்தை மட்டும், மரப்பசை போடாமல், சூடாக்கிய விலங்குப்பசையால் ஒட்டிக்கொடுக்கும்படி வயலின் திருத்துபவரிடம் கொடுத்திருக்கிறோம்.

அது திரும்பி வந்ததும் பெட்டியின் மூடிக்குள் வைப்பதற்கு ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன்: "இதன் பின்பலகை வரி தீட்டப்பட்டது. உள்ளே ஒட்டிய தாள் மாதிரியின் பெயரையே குறிக்கும்."