உடனே கிளம்புவதா, டிஸ்சார்ஜுக்குப் போவதா?

அப்பாவுக்குப் பக்கவாதம் என்று போன் வந்த இரவு, கிடைத்த முதல் விமானத்தில் ஏறிவிட்டேன். சில வருடம் கழித்து அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது ஏறவில்லை. அவர் வீடு திரும்புகிற நாளுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். முதல் முறை எல்லாரும் "ஓடோடி வந்துட்டியே" என்றார்கள். இரண்டாவது முறை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எந்த முறை அதிகம் பயன்பட்டாய் என்று கேட்டால், இரண்டாவது முறை என்றுதான் சொல்வேன்.

கையில் இருப்பது 2 வார விடுமுறை. அதை ஆஸ்பத்திரி நாட்களில் செலவழிப்பதா, வீட்டுக்கு வந்த பிறகு செலவழிப்பதா? தூரத்தில் இருக்கிற பிள்ளைகளில் பலருக்கு முன்னால் இருப்பது இந்தக் கணக்குதான். பாசத்தையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் தடுமாறுகிறோம்.

உடனே ஓடுவதை முதலில் பார்ப்போம். சிகிச்சையில் ரொம்ப அவசரமான பகுதி, நாம் டிக்கெட் தேடி முடிப்பதற்குள் முடிந்திருக்கும். ரத்த அடைப்பால் வரும் பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். மாரடைப்பில் அடைத்த ரத்தக்குழாயைத் திறக்க மருத்துவமனைகள் வைத்துக்கொள்ளும் இலக்கு 90 நிமிடம். எவ்வளவு வேகமாக ஓடினாலும் இதற்குள் நாம் போய்ச் சேர முடியாது. அப்பா விஷயத்தில் என்னால் ஆன உருப்படியான உதவி, விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதுதான் மருத்துவர்கள் கேட்ட முதல் கேள்வி. அம்மா பதற்றத்தில் மாற்றி மாற்றிச் சொன்னார். அன்று மாலை அப்பா என்னோடு தெளிவாகப் பேசியிருந்தார். என் போனில் பதிவாகியிருந்த நேரத்தை ஊர் நேரத்துக்கு மாற்றிச் சொன்னேன். அதை வைத்துத்தான் ஊசி போட முடிவெடுத்தார்கள்.

அதற்குப் பிறகு 9 நாள் ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை, சில நிமிடம் உள்ளே விடுவார்கள். மீதி நேரமெல்லாம் காபி, போன், கவலை. அப்பாவை வார்டுக்கு மாற்றி, டிஸ்சார்ஜ் பற்றிப் பேச ஆரம்பித்தபோது என் விடுமுறை தீர்ந்துபோயிருந்தது. தூக்கி உட்கார வைக்க ஆள் தேவைப்பட்ட அன்று நான் விமானத்தில் இருந்தேன்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தூரத்திலிருந்து வந்து இறங்குகிறவர், குற்ற உணர்ச்சியில், கூடவே இருந்து பார்த்தவர்கள் எடுத்த முடிவையெல்லாம் கேள்வி கேட்பார். இதற்கு மருத்துவர்கள் மத்தியில் ஒரு பெயரே இருக்கிறது: "கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மகள்". 1991-இல் அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே இது இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இதையே "நியூயார்க்கிலிருந்து வந்த மகள்" என்பார்களாம். மகனுக்கும் இது பொருந்தும். முதல் இரண்டு நாள் நானும் அந்த வேடத்தைத்தான் போட்டேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வருடம் ஆனது.

சரி, அப்படியென்றால் உடனே போகவே கூடாதா? அப்படியில்லை. பிழைப்பது கஷ்டம் என்று மருத்துவர் சொன்னால், விடுமுறைக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்பது போன்ற முடிவுகளை எடுக்கவும் கையெழுத்துப் போடவும் அங்கே யாரும் இல்லை என்றாலும் அப்படித்தான். அப்புறம், அம்மாவோ அப்பாவோ தனியாக வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், நாம் போவது படுத்திருப்பவருக்காக இல்லை, வெளியே இருப்பவருக்காக. அதுவும் போதுமான காரணம்தான்.

காத்திருக்க முடிவு செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து, முதல் நாள் வரும் நல்ல செய்தி. பெரிய அளவிலான பக்கவாதத்தில் மூளை வீக்கம் 2 முதல் 5 நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். இதயம் நின்று மீண்டும் துடிக்க வைக்கப்பட்டு, நினைவு திரும்பாமல் இருப்பவருக்குக் குறைந்தது 72 மணி நேரம் போகாமல் மூளையின் நிலையைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆகவே காத்திருப்பது என்றால் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருப்பது. "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால் "பார்ப்போம்" என்றுதான் பதில் வரும். "நான் இன்றே கிளம்ப வேண்டுமா, ஒரு வாரம் பொறுக்கலாமா?" என்று கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் நேரான பதில் கிடைக்கிறது.

அம்மா விஷயத்தில் அப்படித்தான் கேட்டேன். பொறுக்கலாம் என்றார் மருத்துவர். இடுப்பெலும்பு முறிவுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிடுவதுதான் நல்லது; முடிந்தால் மறுநாளே எழுப்பி நிற்க வைப்பார்கள். அவசரமும் அவர்களுடையது, வேலையும் அவர்களுடையது. நான் தினமும் ஒரே நேரத்தில் அக்காவுக்கு மட்டும் போன் செய்தேன். மற்ற உறவினர்களுக்குச் செய்தி சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தூரத்தில் இருக்கிறவர் செய்யக்கூடிய வேலைகளில் இதை நான் உயர்வாக மதிக்கிறேன், ஏனென்றால் அக்காவின் போன் அடிப்பது நின்றது.

ஆனால் காத்திருந்ததற்கு விலை கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. அறுவை சிகிச்சைக்கு இரண்டாவது நாள் இரவு அம்மாவுக்கு மனக்குழப்பம் வந்தது. டெலிரியம் என்பார்கள், வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் அடிக்கடி வருவதுதான். பகலில் தெளிவாக இருப்பார்கள், சாயங்காலம் ஆனால் இடம் தெரியாது, ஆள் தெரியாது. அம்மா அக்காவைத் தன் அம்மா என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி அழுதார். இந்த நேரத்தில் மருந்துக்கு இணையாக உதவுவது தெரிந்த முகம், தெரிந்த குரல், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, சுவரில் ஒரு கடிகாரம். வீடியோவில் என் முகத்தைக் காட்டியபோது இன்னும் மிரண்டுபோனார். வெறும் குரல் பரவாயில்லை. அந்த மூன்று இரவுகளில் நான் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. மருந்துச் சீட்டு மாறியிருக்கும், பழைய அட்டைகள் அலமாரியில் அப்படியே இருக்கும். ஒரே ரத்த அழுத்த மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் வந்திருந்ததை முதல் நாளே பிடித்தேன். இல்லையென்றால் அம்மா இரண்டையும் போட்டிருப்பார். குளியலறையில் கைப்பிடி பொருத்துவது, இரவு பாத்ரூமுக்குக் கூடவே போவது, வலிக்கிறது என்று மறுப்பவரை நடக்க வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் நேரில் ஆள் வேண்டும். பக்கவாதம் என்றால் இது இன்னும் முக்கியம்: முன்னேற்றம் வேகமாக நடப்பது முதல் 3 மாதத்தில்தான். படுக்கையிலேயே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பார்கள். அப்பாவுக்கு இதையெல்லாம் அம்மாவும் அக்காவும் செய்தார்கள். எனக்கு போனில் கேட்டுத்தான் தெரியும்.

கூட்டிக்கொண்டு வந்து நம்மோடு வைத்துக்கொள்வது என்ற மூன்றாவது யோசனையை இந்தப் பதற்றத்தில் எடுக்கவே வேண்டாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. நோயிலிருந்து எழுந்தவருக்கு மருத்துவர் சான்று இல்லாமல் விமான நிறுவனமே ஏற்ற மறுக்கலாம். சில மாதம் போகட்டும்.

பணமும் அலுவலகமும் இடம் கொடுத்தால், 3 நாள் போய் முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி, டிஸ்சார்ஜுக்கு மறுபடி போவதுதான் எல்லாவற்றிலும் மேல். உடன்பிறந்தவர்கள் இருவர் தூரத்தில் இருந்தால் ஆளுக்கு ஒரு பாதி. ஒரே நேரத்தில் இருவரும் ஓடிப்போய் ஒரே நாளில் திரும்புவதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

அம்மா வீடு திரும்பிய அன்று நான் போய்ச் சேர்ந்தபோது, "இப்பதான் வர நேரம் கிடைச்சதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா என் கையில் மருந்துப் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். 11 மணி நேரம் தூங்கினாள்.