கதவோர டிரிம்: மூன்று வருட எரிச்சல்

நண்பர் பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டப் போகிறாராம். "கதவோரத்துக்கு நீங்க என்ன போட்டீங்க?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல உட்கார்ந்தேன், மூன்று வருடக் கோபம் மொத்தமும் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் கதவு நிலையைச் சுற்றி அலுமினிய டிரிம், அதாவது டைலின் வெட்டு விளிம்பை மறைக்கும் பட்டை, மேலே டைலும் சீலிங்கும் சேரும் இடத்தில் சிலிக்கான், ரப்பர் போல வளைந்து கொடுக்கும் அடைப்புப் பசை. டிரிமின் ஓட்டை போட்ட தட்டைக் கால் டைலுக்கு அடியில் பசைக்குள் போய்விடும், வெளியே மெல்லிய கோடு மட்டும் தெரியும். டைலின் கனம் 8 மி.மீ. என்பதால் நான் 8 மி.மீ. டிரிமே வாங்கி வந்தேன். பசைக்கும் ஒரு கனம் உண்டே என்பது மண்டையில் ஏறவில்லை. "10 எடுத்திருக்கலாமே சார்" என்று மேஸ்திரி சொன்னார், ஒரு பக்கம் முழுக்க ஒட்டி முடித்த பிறகு! இப்போது டைல் விளிம்பு டிரிமைத் தாண்டி 2 மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கிறது. துடைக்கும்போதெல்லாம் துணி மாட்டும், இரண்டு முறை விரலையும் கீறியிருக்கிறது. வருகிறவர்கள் யாருக்கும் இது கண்ணில் படாது, எனக்கு மட்டும் கதவைத் திறந்தாலே அதுதான் தெரியும்.

டிரிமில் உள்ள புள்ளிகளுக்கு நான்தான் காரணம். டைலில் உப்புக்கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவினேன், அலுமினியம் அரித்துவிட்டது.

நிலைக்கும் டிரிமுக்கும் நடுவில் வெள்ளை சிமெண்ட் அடைத்தது இன்னொரு கூத்து. மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சிமெண்டுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. ஒரு வருடத்துக்குள் மேலிருந்து கீழ் வரை விரிசல். போன மாதம் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு சிலிக்கான் வைத்தேன். வினிகர் வாடை அடிக்கும் வகை உலோகத்தை அரிக்கும் என்பதால் நியூட்ரல் வகையாகப் பார்த்து வாங்கினேன். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிக்கானைத் தடவி, அதன் மேல் பாலாடை போல ஏடு படிவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். முதல் பக்கத்தில் ஆற அமர வேடிக்கை பார்த்துவிட்டு உரித்தேன், ஓரமெல்லாம் பிசிறு.

சீலிங் பக்கம் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறது. அங்கேயும் சிமெண்ட்தான் அடைப்பேன் என்று மேஸ்திரி நின்றார். நான் விடவில்லை, ஒரு 3 மி.மீ. இடைவெளி விடச் சொல்லி சிலிக்கான் போட வைத்தேன். இன்றுவரை மயிரிழை விரிசல் கிடையாது, ஷவர் மூலையில் கொஞ்சம் கறுப்புப் பூஞ்சை, அவ்வளவுதான். இத்தனைக்கும் எங்கள் சீலிங் மட்டமே இல்லை, ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஒரு செ.மீ. வித்தியாசம். மேல் வரிசை முக்கால் டைல் உயரம் என்பதால் அந்தச் சரிவு தெரியவே இல்லை. அதுவே இரண்டு விரல் அகலப் பட்டையாக அமைந்திருந்தால் கோணல் பல்லிளித்திருக்கும். இந்த யோசனை மேஸ்திரியுடையது, அந்த மனுஷனுக்கு அதற்கு ஒரு கும்பிடு.

சரி, நண்பருக்கு என்ன சொல்வது? டிரிமே போடுங்கள். டைல் விளிம்பை 45 டிகிரியில் சீவி மூலையில் சேர்த்தால் அழகுதான், ஆனால் கதவோரத்தில் ஒரு வாளி இடித்தால் போதும், மூலை பெயர்ந்துவிடும். டைல் துண்டு ஒன்றைப் பசையோடு வைத்து அளந்து பார்த்துவிட்டு டிரிம் வாங்குங்கள்.

மதிப்பெண் கேட்டால், நேற்றென்றால் ஐந்துக்கு நாலு கொடுத்திருப்பேன். இன்று காலை துணி மறுபடி மாட்டிக் கிழிந்தது. இரண்டு.