டிஷ் பதிவுப் பெட்டி: நான்கு வழிகளும் அவற்றின் குறைகளும்

நிகழ்ச்சி வழிகாட்டியில் ஆட்டம் இரவு 10.30 வரை என்றிருந்தது. கால்பந்து இறுதிப் போட்டி. பதிவுக்குப் போட்டுவிட்டு உறங்கப் போனேன். மறுநாள் காலை, முடிவு காதில் விழுந்துவிடக் கூடாது என்று கைபேசியைக்கூடத் தொடாமல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தேன். சமநிலை, கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. முதல் ஆட்டக்காரர் பந்தைப் புள்ளியில் வைத்து, நான்கு அடி பின்னால் நகர்ந்து, மூச்சை இழுத்தார். உடனே திரை கறுத்து, 'இந்தப் பதிவை அழிக்கவா, வைத்துக்கொள்ளவா?' என்ற கேள்வி வந்தது.

அந்தப் பெட்டியில் 1 டிபி டிஸ்க்கும், ஒளிபரப்பைப் பிடித்துத் தரும் ட்யூனர்கள் நான்கும் இருந்தன. அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த அந்த இரண்டு எண்களும் அன்று எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை. அதன் பிறகு பதிவுக் கருவிகளை ஒப்பிடும்போதெல்லாம் வேறு சில கேள்விகளையே முதலில் கேட்கப் பழகிக்கொண்டேன்: நிகழ்ச்சி நீண்டால் கருவிக்குத் தெரியுமா, ஒரே அத்தியாயத்தை மூன்று முறை பதியுமா, பதிந்தது கடைசியில் யாருடையது?

செயற்கைக்கோள் தொலைக்காட்சியைப் பதிவு செய்து பார்க்க இன்று நான்கு வழிகள் உண்டு. முதலாவது, சேவை நிறுவனமே கொடுக்கும், உள்ளே ஹார்டு டிஸ்க் பொருத்திய டிவிஆர் பெட்டி. இரண்டாவது, அந்த நிறுவனத்தின் சாதாரண செட்டாப் பாக்ஸில் யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகிப் பதிவு செய்வது. மூன்றாவது, ட்ரீம்பாக்ஸ், வியூ பிளஸ் போன்ற, லினக்ஸில் இயங்கும் திறந்த ரிசீவர்கள். நான்காவது, வீட்டில் டிஸ்க் ஏதும் இல்லாமல் நிறுவனத்தின் சர்வரிலேயே பதிவை வைத்திருக்கும் கிளவுட் டிவிஆர். இவற்றில் இரண்டாவது, முதலாவதின் குறைகள் அனைத்தையும் கொண்டு அதன் வசதிகளில் பாதியை இழந்த ஒன்று என்பதால், அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

முடியும் நேரத்திலிருந்தே தொடங்குகிறேன். டிவிபி என்னும் டிஜிட்டல் ஒளிபரப்புத் தரத்தில் வரும் ஒளிபரப்பில் படம், ஒலி ஆகியவற்றுடன் ஈஐடி என்னும் அட்டவணையும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். இப்போது ஓடும் நிகழ்ச்சி எது, அடுத்தது எது, அது தொடங்கிவிட்டதா என்பதற்கெல்லாம் அந்த அட்டவணையில் இடம் உண்டு. ஒளிபரப்பாளர் அதை உடனுக்குடன் திருத்தி, பெட்டியும் அதைக் கவனித்தால், பெனால்டி முடியும் வரை பதிவு தானாக நீளும். இது எட்டாக்கனி ஒன்றும் இல்லை. வீடியோ கேசட் காலத்திலேயே, 1985 வாக்கில், ஜெர்மனியில் விபிஎஸ் என்ற முறை வந்துவிட்டது. நிகழ்ச்சி உண்மையில் எப்போது தொடங்குகிறது என்பதை ஒளிபரப்பிலேயே ஒரு குறியாக அனுப்ப, ரெக்கார்டர் அதற்கேற்ப ஓடவும் நிற்கவும் செய்தது. காந்த நாடாவுக்குக் கிடைத்த அந்தச் சலுகையை, நினைவகமும் செயலியும் கொண்ட பெட்டிகள் பலவற்றில் இன்னும் காணோம்.

அந்த இடத்தில் நிறுவனப் பெட்டிகள் தரும் மாற்று, முன்னும் பின்னும் சில நிமிடங்களைச் சேர்த்துக்கொள்ளும் வசதி. அது உதவும், ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. 8.30-க்கு முடியும் இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் ஐந்து நிமிடம் கூட்டிவிட்டு, வேறொரு சேனலில் 8.30-க்குத் தொடங்கும் மூன்றாவதையும் கேட்டால், இரண்டு ட்யூனர் பெட்டி அந்த ஐந்து நிமிடத்துக்காக 'பதிவு முரண்' என்று ஒன்றைக் கைவிட்டுவிடும். முதல் நிகழ்ச்சியின் கடைசி ஐந்து நிமிடம் வெறும் விளம்பரம் என்பது நமக்குத் தெரியும், பெட்டிக்குத் தெரியாது. முரண் வந்தால் கூட்டிய நிமிடங்களைத்தான் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும், நிகழ்ச்சியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற எளிய விதியை எழுதிவைக்க எந்தப் புதிய வன்பொருளும் தேவையில்லை. திறந்த ரிசீவர்களில் இந்த நிமிடங்களை நம் விருப்பப்படி அமைக்கலாம். விளையாட்டுச் சேனலுக்கு மட்டும் ஒரு மணி நேரம் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். கிளவுட் டிவிஆருக்கோ இது ஒரு சிக்கலாகவே இருக்க வேண்டியதில்லை. சேனலின் முழு நாள் ஒளிபரப்பும் சர்வரில் இருக்குமானால், பதிவின் எல்லையை நாளைக் காலையிலும் நகர்த்தலாம். அந்த உரிமையைப் பார்வையாளரிடம் கொடுப்பார்களா என்பது நிறுவனத்தின் மனத்தைப் பொறுத்தது.

ட்யூனர் எண்ணிக்கைக்கு வருவோம். டிஷ்ஷின் நுனியில் சமிக்ஞையை வாங்கிக் கேபிளில் இறக்கும் எல்என்பி என்ற சிறு கருவி, பெட்டி அனுப்பும் மின்னழுத்தத்தைப் பார்த்துத் தளவிளைவை, அதாவது அலை அதிரும் திசையை, தேர்கிறது: 13 வோல்ட் என்றால் ஒன்று, 18 வோல்ட் என்றால் மற்றொன்று. யூனிவர்சல் எல்என்பி-யில் 22 கிலோஹெர்ட்ஸ் தொனி இருக்கிறதா இல்லையா என்பது அலைவரிசையின் மேல் பாதியா கீழ்ப் பாதியா என்பதைத் தீர்மானிக்கும். ஆக நான்கு பகுதிகள். ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு பகுதிதான் இறங்கும். 2001-இல் பிரிட்டனில் வந்த ஸ்கை பிளஸ் பெட்டியில் இரண்டு ட்யூனர்களுக்கு இரண்டு கேபிள்களை இழுக்க வேண்டியிருந்ததன் காரணம் இதுவே. பிறகு வந்த யூனிகேபிள் முறையில் (ஈஎன் 50494 தரம்) ஒவ்வொரு ட்யூனருக்கும் ஒரு தனி அலைவரிசைத் துண்டை ஒதுக்கி, எட்டு ட்யூனர்கள் வரை ஒரே கேபிளில் சேர்க்க முடிந்தது. 2016-இல் அமெரிக்காவின் டிஷ் நிறுவனம் 16 ட்யூனர் கொண்ட ஹாப்பர் 3 பெட்டியைக் கொண்டுவந்தபோது, ட்யூனர் பற்றாக்குறை என்ற புகார் அதை வாங்கியவர்களுக்கு ஏறத்தாழ முடிந்துபோனது.

ஆனால் எண்ணிக்கையைக் கூட்டாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோளின் ஒரே டிரான்ஸ்பாண்டரில், அதாவது ஒரே ஒளிபரப்பு அலைவழியில், பல சேனல்கள் சேர்ந்தே இறங்குகின்றன. ஒரு ட்யூனர் அந்த டிரான்ஸ்பாண்டரைப் பிடித்துவிட்டால் அதிலுள்ள அத்தனை சேனல்களும் கையில் இருப்பதாகவே பொருள். எனிக்மா2 மென்பொருளில் ஓடும் திறந்த ரிசீவர்கள் இதை இயல்பாகப் பயன்படுத்துகின்றன. ட்யூனர் ஒன்றே இருந்தாலும் அதே டிரான்ஸ்பாண்டரின் மூன்று சேனல்களைச் சேர்த்துப் பதியலாம். 2012-இன் முதல் ஹாப்பரில் மூன்றே ட்யூனர்கள் இருந்தபோதும், நான்கு பெரிய சேனல்களின் மாலை நேரம் முழுவதையும் ஒரே ட்யூனரில் பதியும் வசதி இருந்ததற்கு இந்த உத்திதான் அடிப்படை. நான் வைத்திருந்த நிறுவனப் பெட்டிக்கு இந்த அறிவு இல்லை. அடுத்தடுத்த எண்ணில் உள்ள, ஒரே டிரான்ஸ்பாண்டரில் வரும் நான்கு சேனல்களுக்கு நான்கு ட்யூனர்களையும் செலவழித்துவிட்டு, ஐந்தாவதைக் கேட்டால் கையை விரிக்கும்.

டிஸ்க்கின் அளவைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. டிஜிட்டல் பெட்டி, வரும் ஓடையை அப்படியே எழுதிவைப்பதால், கணக்கு எளிது: வினாடிக்கு 4 மெகாபிட் என்றால் மணிக்கு 1.8 ஜிபி, 8 மெகாபிட் எச்டி என்றால் 3.6 ஜிபி, 25 மெகாபிட் 4கே என்றால் 11 ஜிபி-க்குச் சற்று மேல். கவனிக்க வேண்டியது வேறு. டிஸ்க் முழுவதும் நமக்கல்ல. 2006-இல் வந்த ஸ்கை எச்டி பெட்டியில் 300 ஜிபி இருந்தும், வாடிக்கையாளரின் பதிவுக்கு ஒதுக்கியது 160 ஜிபி மட்டுமே. எஞ்சியதைத் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக நிறுவனம் ஒதுக்கி வைத்துக்கொண்டது. வாடகை வீட்டில் ஓர் அறையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரர் எடுத்துப்போவது போன்ற ஏற்பாடு இது.

தொடர்ப் பதிவில்தான் எனக்குத் தினசரி எரிச்சல். 1999-இல் டிவோ, ரீப்ளே டிவி ஆகிய டிஜிட்டல் பதிவுப் பெட்டிகள் சந்தைக்கு வந்தபோது, மணியைக் குறிக்காமல் தொடரின் பெயரைச் சொன்னாலே போதும் என்பதே பெரிய ஈர்ப்பு. அது ஒழுங்காக நடக்க, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனி அடையாளம் வழிகாட்டியில் இருக்க வேண்டும். அந்த அடையாளத்தை ஒளிபரப்பாளர் அனுப்பாவிட்டால் பெட்டிக்குத் தெரிவது தலைப்பு மட்டுமே. இரவு ஒளிபரப்பு, அதன் நள்ளிரவு மறுஒளிபரப்பு, மறுநாள் மதிய ஒளிபரப்பு என மூன்றையும் பதிந்து, இடம் போதவில்லை என்று வேறொரு பழைய பதிவை அழித்துவிடும். என் அம்மா பிறகு பார்க்கலாம் என்று சேர்த்துவைத்த தொடரின் பட்டியலில் ஒரே அத்தியாயம் மூன்று மூன்றாக வரிசையில் நின்றது. எது பார்த்தது, எது பாராதது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே அவருக்குப் பாதி மாலை போயிற்று. எனிக்மா2-வின் ஆட்டோடைமர் என்ற செருகுநிரல், தலைப்போடு கதைச் சுருக்கத்தையும் ஒப்பிட்டு மறுஒளிபரப்பை ஒதுக்கிவிடுகிறது. அதை அமைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிளவுட் சேவைகளில் அத்தியாயங்கள் பருவம், எண் எனத் தாமாகவே அடுக்கப்பட்டிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் அவற்றுக்கு நிகர் வேறில்லை.

பதிந்தது யாருடையது என்ற கேள்வியில் அந்தப் பெருமை கரைந்துவிடுகிறது. கிளவுட் பதிவுக்குப் பெரும்பாலும் காலக்கெடு உண்டு. யூடியூப் டிவி என்னும் இணையவழித் தொலைக்காட்சிச் சேவை, பதிவின் மொத்த அளவுக்கு வரம்பு வைக்காவிட்டாலும், ஒரு பதிவை ஒன்பது மாதங்களே வைத்திருக்கிறது. நிறுவனப் பெட்டியிலோ பதிவு அந்தப் பெட்டியோடு பூட்டப்பட்ட மறைகுறியாக்கத்தில் கிடக்கிறது. என் பெட்டி ஒரு நாள் இயங்க மறுத்தது. மாற்ற வந்த பணியாளர் நல்ல மனிதர். வேறு பெட்டியை வைத்து, சேனல் வருகிறதா என்று சரிபார்த்துவிட்டு, பழையதை எடுத்துத் தோள்பையில் போட்டுக்கொண்டார். ஏறக்குறைய இருநூறு மணி நேரப் பதிவு அந்தப் பையில் போயிற்று. டிஸ்க்கை மட்டும் கழற்றித் தர முடியுமா என்று கேட்டதற்கு, தந்தாலும் வேறெதிலும் ஓடாது என்றார். அவர் சொன்னது உண்மையே. யூஎஸ்பி டிஸ்க் வைத்திருப்பவர்கள் டிஸ்க் தங்கள் கையில்தானே இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். புதிய பெட்டியில் செருகியதும், அதை ஃபார்மட் செய்ய வேண்டும் என்ற செய்தி வரும்போது அந்த ஆறுதலும் போய்விடும். இலவச ஒளிபரப்பைத் திறந்த ரிசீவரில் பதிந்தால் கிடைப்பது டிஎஸ் என்ற சாதாரண வீடியோ கோப்பு. கணினியில் வெட்டலாம், ஒட்டலாம், இருபது ஆண்டு வைத்திருக்கலாம். ஆனால் மறைகுறியாக்கப்பட்ட கட்டணச் சேனல்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டே இருக்கிறது. மூன்றாவது வழியின் பெருங்குறை இதுதான்.

விளம்பரத்தைத் தாண்டும் வசதியின் வரலாறு, பொறியாளர்களால் முடிந்ததை வழக்கறிஞர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்பதைக் காட்டும். பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ கேசட் ரெக்கார்டர் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் தானாக விளம்பரம் தாண்டிய ரீப்ளே டிவி மீது 2001-இல் வழக்குகள் பாய்ந்தன. விளம்பரத்தைத் தானே தாண்டும் ஹாப்பரின் ஆட்டோஹாப் வசதி 2012-இல் வந்ததும் சேனல்கள் நீதிமன்றம் போயின. 2014-இல் டிஸ்னியோடு ஏற்பட்ட உடன்பாட்டில், டிஸ்னியின் ஏபிசி சேனல் நிகழ்ச்சிகளுக்கு ஒளிபரப்பான முதல் மூன்று நாள்கள் அந்த வசதியை நிறுத்தி வைக்க டிஷ் ஒப்புக்கொண்டது. ஆகவே இன்று முப்பது வினாடி தாவும் பொத்தான் ஒன்றிருந்தாலே போதும் என்று நினைக்கிறேன். கிளவுடில் சில நேரம் அதுவும் கிடைப்பதில்லை. நம் பதிவுக்குப் பதிலாக, விளம்பரத்தை வேகமாக ஓட்டித் தாண்ட முடியாத வேறொரு பிரதி நம் முன் வைக்கப்படும்.

மழையையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். டிஷ் ஒளிபரப்பு வரும் கேயூ அலைவரிசை கனமழையில் வலுவிழக்கும்; பெட்டி அந்த ஓட்டையை அப்படியே பதிந்துவிட்டுப் 'பதிவு முடிந்தது' என்று அறிவிக்கும். சமிக்ஞை அறுந்ததைக் கவனித்து, மறுஒளிபரப்பைத் தேடித் தானே மறுபதிவு செய்யும் பெட்டி ஒன்று வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. இங்கேயும், தரைவழியே ஊட்டம் பெறும் கிளவுடின் கை ஓங்கியிருக்கிறது.

வீட்டில் பலர் பார்க்கிறார்கள், கட்டணச் சேனல்களே அதிகம் என்றால், ட்யூனர் நிறைந்த நிறுவனப் பெட்டியைத்தான் சொல்வேன். அதிலுள்ள பதிவுகளை இரவல் பொருளாக எண்ணிக்கொள்ள வேண்டும். இலவசச் சேனல்களும் பொறுமையும் இருந்தால் திறந்த ரிசீவர். இணைய வேகம் சீராக இருந்து, எதையும் சேர்த்துவைக்கும் பழக்கம் இல்லாதவருக்குக் கிளவுட். என்னிடம் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தே இருக்கின்றன. அடுத்த இறுதிப் போட்டிக்கு, நிறுவனப் பெட்டியை நம்பாமல், ஆட்டத்தோடு அதைத் தொடர்ந்து வந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பதிவுக்குப் போட்டேன். அன்று ஆட்டம் கூடுதல் நேரமே இல்லாமல் குறித்த நேரத்தில் முடிந்தது. அதன் பின்னால் ஓடிய ஒன்றரை மணி நேர டெலிஷாப்பிங் இன்னும் என் டிஸ்க்கில், துல்லியமான எச்டி தரத்தில், ஒரு வினாடியும் குறையாமல் இருக்கிறது.