முகமாலைப் பற்றைகள்: கத்தரிக்கோலா, இயந்திரமா, நெருப்பா?

மிதிவெடி தேடும் உணர்கருவியின் தலை மண்ணை ஒட்டியே போகவேண்டும். இலங்கையின் வடக்கே போர் நடந்த முகமாலை முன்னரங்கில் புதைக்கப்பட்ட பி-4 போன்ற பிளாஸ்டிக் வெடிகளில் உலோகம் மிகக் குறைவு. வெட்டிய புல்லின் கட்டை கருவியை நாலு விரல் தூக்கிவிட்டாலே, அந்த உலோகத்துக்குக் கருவி எழுப்பும் சின்னச் சத்தம் காதுக்கு எட்டாமல் போகலாம். அதனால் தேடலுக்கு முன் பற்றையை எப்படி அகற்றுவது என்பதே கேள்வி.

கைவெட்டில் பாதை ஒரு மீற்றர் அகலம், குறுக்கே, தேடி முடித்த எல்லையைக் காட்டும் அடிக்கோல். பயிற்சி பெற்ற பணியாளர் முதலில் கண்ணால் துழாவுவார். பிறகு மெல்லிய கம்பியைப் பற்றைக்குள் நிலமட்டமாக நீட்டி, மெதுவாக மேலே உயர்த்தி, இடறுகம்பி (கால் பட்டால் வெடியை இயக்கும் கம்பி) தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார். அதன்பின்தான் கத்தரிக்கோல். நுனியிலிருந்து துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் கையால் எடுத்துப் பின்னால் போடவேண்டும். செடியைப் பிடுங்கவே கூடாது: வேர் வெடியைச் சுற்றியிருந்தால் ஒரு இழுப்பிலேயே வெடி சரியும். வடலி அடர்ந்த இடத்தில் இந்த வேலை ஊர்ந்துதான் நகரும். ஆனால் வெட்டிய நிலம் அப்படியே தேடலுக்குத் தயார்.

நீண்ட கை பொருத்திய கவச இயந்திரம், துப்புரவான பக்கத்தில் நின்றபடி ஆளுயரப் பற்றையைச் சாய்த்துவிடும். வேகத்தில் கைவெட்டு கிட்டவும் வராது. தொல்லை அதற்குப் பிறகு. அரைபட்ட சருகு மெத்தை போலப் படியும். அதை வாரி எடுக்காமல் கருவியைக் கொண்டுபோக முடியாது. பற்றைக்குள் பழைய முட்கம்பி கிடந்தால் இன்னும் மோசம். ஒரே கம்பி பல துண்டாகச் சிதறும், ஒவ்வொரு துண்டும் தனிச் சத்தம் கொடுக்கும். ஏற்கெனவே எறிகணைச் சிதறலும் சன்னக் கோதும் நிறைந்த மண்ணில் அது பெரும் சுமை. இயந்திரத்தின் வெட்டுத்தலை மண்ணைத் தொட்டால் வெடி உடையும், இடம் பெயரும்.

நெருப்பு வேண்டவே வேண்டாம். கிடக்கும் கைக்குண்டும் எறிகணையும் சூட்டில் வெடிக்கும். பிளாஸ்டிக் உருகிய மிதிவெடி செத்துவிட்டதென்று நம்பவும் முடியாது. கருகிய கட்டைகளும் அப்படியே நிற்கும்.

வெடிகள் வரிசையாகப் புதைக்கப்பட்ட இடத்துக்குள் கைவெட்டு மட்டும். வரிசைக்கு வெளியே உயர்ந்த பற்றைக்கு இயந்திரம், அதுவும் முழங்கால் உயரத்தோடு நிறுத்தி மிச்சத்தைக் கையால் முடிப்பது. எங்கள் தெரிவு இதுதான். காணிக்காரர் தாங்களே கத்தியெடுத்து இறங்கக்கூடாது.

மாரிக்கு முன் அளவுக்கு மீறி வெட்டிப் போடவும் வேண்டாம். ஐப்பசி மழை விழுந்ததும் புல் மறுபடி முளைக்கும், அதே பாதையைத் திரும்ப வெட்டவேண்டி வரும். தேடுகிறவர்கள் எட்டக்கூடிய தூரம் வரை வெட்டினால் போதும்.