ஐந்தடி உயர ஸ்பீக்கர் ஸ்டாண்ட்: கோத்தகிரிப் பட்டறையில் செய்து வாங்கியது எப்படி இருக்கிறது?

ஹோம் தியேட்டரின் சரவுண்ட் ஸ்பீக்கர்களைக் காது மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைக்க நினைப்பவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் தடை, ஆன்லைனிலும் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும் ஸ்டாண்டுகளில் பெரும்பாலானவை மூன்றடி, மூன்றரை அடியோடு நின்றுவிடுவதுதான். சோபாவில் உட்கார்ந்தவரின் காது தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடியில் இருக்கும் என்பதால், அந்த உயரம் முன்பக்க ஸ்பீக்கர்களுக்குப் பொருத்தமானதே. ஆனால் 5.1 அமைப்பில் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும் நிற்கும் சரவுண்ட் ஸ்பீக்கர்களைக் காதுக்கு இரண்டு மூன்று அடி மேலே வைக்கலாம் என்பது சினிமா ஒலி நுட்ப நிறுவனமான டால்பியின் பழைய வழிகாட்டுதல். எங்களுடையதைப் போன்ற சிறிய கூடத்தில் அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. சோபாவின் ஓரத்தில் உட்காருபவருக்கு ஸ்பீக்கர் இரண்டடி தூரத்தில் நேராகக் காதுக்குள் ஒலிக்கும்; மறு ஓரத்தில் இருப்பவருக்கோ நடுவில் இருக்கும் தலைகளும் சோபாவின் உயர்ந்த முதுகும் ஒலியை மறைத்துவிடும். ஸ்பீக்கரை உயர்த்தினால் இரண்டு குறையும் ஒருசேரக் குறைகின்றன.

சுவரில் பிராக்கெட் அடித்துவிட்டால் ஐந்நூறு, அறுநூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும் என்று சமவெளி நண்பர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நாங்கள் வாடகைக்கு இருப்பது மண் சாந்தில் கல் அடுக்கிக் கட்டிய பழைய வீடு. அந்தச் சுவரில் டிரில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். அதில் செருகும் பிளக் அதே சுலபத்தில் வெளியேயும் வந்துவிடும். வீட்டுக்காரருக்கும் அதில் சம்மதம் இல்லை. ஆகவே தரையில் நிற்கும் ஸ்டாண்ட்தான் வழி.

ஆன்லைனில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ஒரு ஜோடியை முதலில் வரவழைத்துப் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரண்டு குழாய்களும், அவற்றை இறுக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையமும், அடியில் ஒன்பது அங்குல வட்டத் தட்டும் கொண்ட அமைப்பு அது. முழு உயரத்துக்கு இழுத்து, மூன்று கிலோ எடையுள்ள ஸ்பீக்கரை மேலே வைத்தபோது வளையம் பிடி விட்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. எங்கள் வீட்டுத் தரை பலகைத் தரை. பக்கத்தில் ஒருவர் நடந்தாலே ஸ்பீக்கர் தலையாட்டியது. கைப்பிடியளவு சாட்டிலைட் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு அது போதுமாக இருக்கலாம், புக்‌ஷெல்ஃப் வகைப் பெட்டி ஸ்பீக்கர்களுக்கு ஆகாது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்து எண்ணிப் பார்க்க வேண்டியது மைக் செட்காரர்கள் பயன்படுத்தும் முக்காலி ஸ்டாண்ட். ஆறடி வரை தாராளமாக உயரும், எடையைத் தாங்கும், விலையும் அதிகமில்லை. அதன் 35 மில்லிமீட்டர் குழாய் முனை மேடை ஸ்பீக்கர்களின் அடியில் இருக்கும் குழிக்கென்றே அமைந்தது. வீட்டு ஸ்பீக்கரில் அந்தக் குழி கிடையாது என்பதால் மேலே தனியாக ஒரு தட்டு பொருத்தியாக வேண்டும். கால்களை முழுதாக விரித்தால்தான் அது உறுதியாக நிற்கும், விரித்தாலோ மூன்றடி இடத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டில் வருகிற போகிறவர்களை இடறும். இருப்பினும் இதை ஒரு காரியத்துக்குப் பரிந்துரைப்பேன்: தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஓரிரு நாள் இரவல் வாங்கி, உங்கள் கூடத்துக்கு எந்த உயரம் பொருந்துகிறது என்று காதால் கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு செலவு செய்யுங்கள். எங்களுக்கு ஸ்பீக்கரின் நடுப்பகுதி ஐந்தரை அடியில் இருந்தபோது ஒலி நன்றாகப் பரவியது. அதற்கு மேலே உயர்த்தியதும் முன்பக்க ஒலியிலிருந்து அறுந்து தனியாகக் கேட்கத் தொடங்கியது.

கடைசியில் கோத்தகிரியில் இரும்பு கேட், கிரில் செய்யும் ஒரு வெல்டிங் பட்டறையில் ஐந்தடி உயரத்துக்கு ஒரு ஜோடி செய்து வாங்கினேன். பொருளும் கூலியும் பெயின்ட்டும் சேர்த்து 3,800 ரூபாய் ஆயிற்று. ஒவ்வொன்றும் 40 மில்லிமீட்டர் சதுர எம்.எஸ். (சாதா இரும்பு) பைப், தகட்டுக் கனம் 16 கேஜ். மேலே எட்டுக்கு ஆறு அங்குலத் தட்டு. அடியில் ஆறு மில்லிமீட்டர் கனத் தகடு. இதில் முக்கியமானது அடித்தகட்டின் அளவு. பார்வைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று பன்னிரண்டு அங்குலச் சதுரத்தைத்தான் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். பட்டறைக்காரர் மறுத்துப் பேசவில்லை. ஒரு துண்டுத் தகட்டில் பைப்பை டேக் வைத்து (புள்ளியளவு வெல்டிங்கில் தற்காலிகமாக ஒட்டி) நிறுத்தி, ஸ்பீக்கருக்குப் பதிலாகத் தம் கிரைண்டரைத் தூக்கி உச்சியில் வைத்து, ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். அது சாய்ந்த வேகத்தைப் பார்த்த பிறகு, “பதினாறு போட்டுடலாமா சார்?” என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவருடைய விரல் சொன்னது சரியாகவே இருந்தது. பன்னிரண்டு அங்குலத் தகட்டின் எடை 4.4 கிலோ, மூன்று கிலோ ஸ்பீக்கரோடு அது ஏறத்தாழ 12 டிகிரி சாய்ந்தாலே கவிழ்ந்துவிடும். பதினாறு அங்குலத் தகடு 7.8 கிலோ, எடை கூடுவதோடு விளிம்பும் தள்ளிப் போவதால் கிட்டத்தட்ட 20 டிகிரி வரை தாங்கும். தகட்டுக்காகக் கூடுதலாக ஆன செலவு ஒரு ஸ்டாண்டுக்கு முந்நூறு ரூபாய்க்கும் குறைவு. உயரமான ஸ்டாண்டுக்கு எங்கே காசு போட வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் அடித்தகட்டில் என்பேன். குழந்தைகளும் நாயும் உள்ள வீட்டில் இதில் பேரம் பேசவே கூடாது.

தகட்டின் நான்கு மூலைகளிலும் நட்டு வைத்து வெல்டிங் செய்து, அவற்றில் போல்ட்டுகளைத் திருகிக் கால்களாக வைத்தது இன்னொரு நல்ல ஏற்பாடு. பழைய பலகைத் தரை எங்குமே சமமாக இருப்பதில்லை; வெல்டிங் சூட்டில் தகடும் சிறிது வளைந்துகொள்ளும். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, போல்ட்டுகளைத் திருகியே பைப்பை நேராக்கிவிட முடிகிறது. போல்ட் தலைகளுக்கு ரப்பர் புஷ் மாட்டியிருப்பதால் பலகையில் தடமும் விழுவதில்லை.

வெற்றுப் பைப்பைத் தட்டினால் மணிபோல ஒலிக்கும். அதை அடக்கக் கீழ்ப்பாதியில் மட்டும் மணல் நிரப்பினோம். உச்சிவரை நிரப்பினால் எடை மேலேறிவிடும். மணலை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்து, ஆறவைத்த பிறகே கொட்ட வேண்டும். எங்கள் ஊர் ஈரத்தில் கிடந்த மணலை அப்படியே போட்டால் பைப் உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளியே தெரியவும் தெரியாது. ஒயர் பைப்புக்குள்ளேயே இறங்குகிறது. மணலுக்குச் சற்று மேலே ஒரு துளை வழியாக வெளியேறுகிறது. அந்தத் துளைக்கு ரப்பர் வளையம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் துளையின் கூர்விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிடும்.

குறைகளும் உண்டு. ஸ்டாண்ட் ஒவ்வொன்றும் 13 கிலோ, கூட்டிப் பெருக்கும்போது நகர்த்துவது சிரமம். உயரத்தை மாற்ற முடியாது. 32 மில்லிமீட்டர் பைப்பை உள்ளே செருகி ஏற்றி இறக்கும்படி செய்து தருவதாகத்தான் பட்டறைக்காரர் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளி பேஸ் ஒலிக்குக் கடகடக்கும் என்பதால் நான்தான் வேண்டாம் என்றேன். அடிப்பக்க வெல்டிங்கைச் சுற்றிக் கிரைண்டிங் கரடுமுரடாக இருக்கிறது. அந்த ஓரத்தில் பெயின்ட் சரியாகப் பிடிக்காமல் இப்போதே இலேசாகத் துரு தலைகாட்டுகிறது. துரு தடுக்கும் முதல் பூச்சான ரெட் ஆக்ஸைடு அடிப்பதற்கு முன்பு அந்த இடத்தை நீங்களே தடவிப் பார்த்துவிடுவது நல்லது. அடிக்கடி வீடு மாறுகிறவர்கள், பைப்பும் தகடும் போல்ட்டில் கழன்று வரும்படி செய்யச் சொல்லலாம்.

இந்த ஸ்டாண்டை வைத்துக்கொண்டு, தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் அமைப்பின் உயர ஸ்பீக்கர்களுக்கும் ஈடுகட்டிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவற்றுக்குக் காது மட்டத்திலிருந்து குறைந்தது 30 டிகிரி ஏற்றக் கோணமாவது வேண்டும். காதிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்தினாலே ஸ்பீக்கர் ஆறரை அடிக்குப் போயாக வேண்டும். அந்த உயரத்துக்கு மேற்கூரைதான் சரியான இடம். அட்மாஸ் அமைப்பில் பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் காது மட்டத்தை ஒட்டியே நிற்க வேண்டும் என்பதால், பின்னாளில் அதற்கு மாறும் எண்ணம் உள்ளவர்கள் கடையில் கிடைக்கும் மூன்றரை அடி ஸ்டாண்டையே, கனமான அடிப்பாகம் உள்ளதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

செய்யக் கொடுப்பதானால் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் கொடுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் எனாமல் பெயின்ட் நாள்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் கூடத்துக்குள் கொண்டுவந்தால் வீடு முழுவதும் அதன் வாடைதான் நிற்கும்.